வாசலில் நின்றவளின் பெயர்

ஐடீஸுக்கு எட்டு நாள் முன்பு

மழை. கூடாரம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது, மூன்றும் என் ஏடுகளின் மேல்தான். படையில் நாலாயிரம் தலைகள் இருக்கின்றன, அதில் ஒன்றின் மேல் ஒழுகக் கூடாதா?

நாள் முழுக்கத் தளபதிக்காக எழுதுகிறவன் தனக்காக நாலு வரி எழுதிக்கொண்டால் குற்றமில்லை. நான் பெலிக்ஸ், தளபதி கல்வீனியஸின் எழுத்தர். முன்பு அவருடைய அடிமை. விடுதலை கிடைத்து ஆறு வருடம் ஆகிறது, இப்போது ரோமக் குடிமகன். இதை நான் சொல்லும்போதெல்லாம் சிப்பாய்கள் வாயைக் கோணுகிறார்கள். கோணட்டும், சட்டம் என் பக்கம் இருக்கிறது.

ரோமர்கள் நாளை முன்னோக்கி எண்ணுவதில்லை. மாதத்தில் மூன்று நாளுக்கு மட்டும் பெயர் உண்டு. அந்த நாள் வர இன்னும் எத்தனை நாள் என்பதுதான் தேதி. அக்டோபர் நடுவில் வருவது ஐடீஸ். இன்றைய நாளையும் அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் எட்டு. வந்த புதிதில் இது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. எப்போதும் ஏதோ ஒன்று நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கிறதே என்று தோன்றும். இப்போது பழகிவிட்டது.

எதிரே குன்றின் மேல் உர்தோபா. முந்நூறு வீடு இருக்கும். இந்தச் சின்ன ஊரின் முன் இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறோம். மேலே போகக் கிழக்கு வாசல் ஒன்றுதான் வழி. பெரிய மரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை இடித்தார்கள். மூன்று முறையும் மரம்தான் உடைந்தது. ஐடீஸோடு தளபதியின் பதவிக்காலம் முடிகிறது என்று ரோமின் ஆட்சிமன்றம் எழுதிவிட்டது. அதற்குள் ஊர் விழுந்தால் பெயர் இவருக்கு. ஒரு நாள் தள்ளி விழுந்தால் அடுத்து வருகிறவருக்கு.

மாலையில் கூப்பிட்டு விட்டார். பூசகர் நுமீசியஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பெலிக்ஸ், நீ இந்த ஊர்க்காரன்தானே?"

"பிறந்தது இங்கே, ஐயா. அவ்வளவுதான்."

"இந்த ஊர்ச் சாமியோட பேர் என்ன?"

சின்ன வயதில் பிடித்து வந்துவிட்டார்கள், யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஐடீஸுக்கு ஏழு நாள் முன்பு

பெயர் எதற்கு என்று பூசகர் விளக்கினார். நம்மவர்களின் யோசனையை மெச்சத்தான் வேண்டும். ஊரைக் காக்கிற தெய்வம் உள்ளே இருக்கும்வரை ஊர் விழாது. தெய்வத்தோடு சண்டை போடுவது மரியாதையும் இல்லை. ஆகவே பெயர் சொல்லி அழைத்து ஒப்பந்தம் பேசுவார்கள். இங்கே உனக்கு என்ன இருக்கிறது? எங்களிடம் வா. ரோமில் கோயில் கட்டுகிறோம், திருவிழா எடுக்கிறோம், இங்கே நடந்த பூசை அங்கேயும் நடக்கும். மனிதனுக்கு எப்படியோ அப்படித்தான் சாமிக்கும். எதிர்த்து நிற்காமல் உள்ளே வந்தால் குடியுரிமை.

சாப்பாட்டு நேரத்தில் ரூபியோவிடம் சொன்னேன். பக்கத்துக் கூடாரத்துப் பழைய சிப்பாய் அவர். பல் பாதிதான் மிச்சம், வாய் மட்டும் முழுசாக இருக்கிறது.

"யோவ் எழுத்தரே, போற ஊரு சாமியை எல்லாம் கூட்டிட்டுப் போனா அங்க மனுஷன் குடியிருக்க எடம் வேண்டாமா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிரார்த்தனையின் இரண்டாம் பாகத்தை அவரிடம் சொல்லவில்லை. தெய்வம் வெளியேறிய பிறகு, ஊரையும் வயலையும் அதில் உள்ள உயிர்கள் அத்தனையையும் பாதாளத் தேவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பாக்கி வைக்க முடியாது. வைத்தால் தேவர்களை ஏமாற்றியதாகிவிடும்.

எனக்கு ஒரு தங்கை உண்டு. எபுரா. அவளைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. என்னைப் பிடித்தபோது அவளுக்கு நாலு வயது, எனக்கு எட்டு. இப்போது இருபத்தெட்டு இருக்கும். இடது புருவத்தில் தழும்பு, ஆடு முட்டியது. ஊரிலிருந்து தப்பி வந்த நாலு பேரிடம் அப்படி ஒருத்தி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன். விசாரணைக் குறிப்புக்காகக் கேட்டதுதான். இருக்கிறாள் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

ஐடீஸுக்கு ஆறு நாள் முன்பு

சொல்லிவிட்டேன்.

ஊர்ச்சாமியின் பெயர் எனக்குத் தெரியும். மரத்தடியில் நின்ற கல் அது. அந்தப் பெயரை இங்கேகூட எழுத மாட்டேன். பூசகர் எழுத்தாணியோடு காத்திருந்தார். "அம்பாதா" என்றேன்.

அம்பாதா என் அம்மாவின் பெயர்.

வேறு எந்தப் பெயரும் வாயில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான பெயரும் இல்லை. அம்மா செத்துவிட்டாள். என்னைப் பிடித்த வருடக் குளிர்காலமே போய்விட்டாள் என்று அடிமைச் சந்தையில் இந்தப் பக்கத்து ஆள் ஒருவன் சொன்னான். செத்தவளைக் கூப்பிட்டால் யார் வரப்போகிறார்கள்? சாமி உள்ளேயே இருக்கும். ஊர் நிற்கும். ஐடீஸ் கழியும், புதுத் தளபதி வருவார், பனி விழும், எல்லோரும் இறங்கிப் போவோம். எபுரா ஆட்டைப் பத்திக்கொண்டு திரிவாள்.

பூசகர் விடவில்லை. "எங்க இருப்பா?"

"கிழக்கு வாசலில்."

"படையல்?"

"வாற்கோதுமைக் கஞ்சி. ஆட்டுப்பால் ஊற்றி. உப்பு கொஞ்சம் தூக்கலாக."

"எப்போ பூசை?"

"பொழுது சாயும்போது."

கேட்கக் கேட்கப் பதில் வந்தது. எல்லாம் அம்மாவைப் பற்றித்தான். பொழுது சாய்ந்தால் வாசலில் நின்றுதான் கூப்பிடுவாள், "ரெத்தூ" என்று கடைசியை இழுத்து. என்னைப் பிடித்த அன்றும் கூப்பிட்டாள். நான் ஓடைப் பக்கம் புதரில் கிடந்தேன், ஒரு சிப்பாயின் கை என் வாயை மூடியிருந்தது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். தீயருகே போய் உட்கார்ந்தேன். குளிர்.

ஐடீஸுக்கு ஐந்து நாள் முன்பு

நாள் பூராவும் வாசகத்தைப் படி எடுத்தேன். ஒரு சொல் முன்பின் ஆகக் கூடாது. நம்மவர்கள் சாமியை நம்புவதைவிட வாசகத்தைத்தான் அதிகம் நம்புகிறார்கள். மை நீர்த்துவிட்டது. ரூபியோ என் செருப்பைத் தைத்துக் கொடுத்தார்.

பூசகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூச்சு வருகிறது, குரல் வரவில்லை.

ஐடீஸுக்கு நான்கு நாள் முன்பு

காலையில் அழைப்பு நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வழக்கம் இதுதான். ஒருவர் வாசகத்தைத் துண்டு துண்டாகப் படிப்பார், தளபதி முக்காடிட்டு அதை அப்படியே திருப்பிச் சொல்வார். கெட்ட சத்தம் எதுவும் காதில் விழாதபடி குழல்காரன் ஊதிக்கொண்டே இருப்பான். படிக்க வேண்டியவர் பூசகர். அவருக்கு வாயே திறக்கவில்லை. தளபதி ஏட்டை என் கையில் கொடுத்தார்.

"நீ படி. இந்த ஊரு உச்சரிப்பு உனக்குத்தான் சரியா வரும்."

கிழக்கு வாசலுக்கு எதிரே, அம்பு எட்டாத தூரத்தில் நின்றோம். மதிலின் மேல் ஊர்க்காரர்கள் தலை தெரிந்தது. நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. நான் படித்தேன்.

"இந்த வாசலில் நின்று இந்த ஊரைக் காப்பவளே, அம்பாதா, இவர்களை விட்டு வெளியே வா. எங்களிடம் வா. எங்கள் ஊரை உன் ஊராக்கிக்கொள்."

பாதியில் தளபதி தும்மினார். வாசகம் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுதான் சட்டம். தொடங்கினேன். இரண்டாம் தடவை ஒரு சொல்லை விட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்து. ஆக அம்மாவின் பெயரை நான் மூன்று முறை சொன்னேன். இருபத்துநாலு வருடமாக அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்றாம் முறை என் குரல் உடைந்தது.

அப்போதுதான் நாய்கள் நின்றன, அத்தனையும் ஒரே நேரத்தில். வாசல் திறக்கவில்லை. கதவின் அடியில் கிடந்த மண் மட்டும் யாரோ கால் வைத்ததைப் போல அழுந்தியது. பிறகு அதற்கு முன்னால் ஓர் இடம், பிறகு இன்னும் முன்னால். மழையில் ஊறிய மண் அப்படித்தான் உள்வாங்கும்.

குழல்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். தளபதி கத்தினார். அவன் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி யாரோ பொம்பளை நிக்குறா" என்றான்.

திரும்பிப் பார்க்கவில்லை. வாசகம் முடியும்வரை திரும்பக் கூடாது என்பது விதி. முடிந்த பிறகும் நான் திரும்பவில்லை.

ஐடீஸுக்கு மூன்று நாள் முன்பு

சின்னச் சின்ன விஷயங்கள்.

எழுந்தபோது போர்வை கழுத்துவரை இழுத்துச் சொருகியிருந்தது. நான் அப்படிப் படுப்பவன் இல்லை. ஈரச் செருப்பு அடுப்போரம் குதிகால் கூடாரத் துணியைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தது. கூடாரத்துக்குள் ஈரக் களிமண் வாடை. வைத்த கஞ்சியில் பாதி இல்லை. ரூபியோவைப் பிடித்துச் சத்தம் போட்டேன்.

"நான் தொடலப்பா! உப்பைக் கொட்டி வச்சிருக்க, அதை மனுஷன் குடிப்பானா?"

நான் உப்பே போடவில்லை.

முகாம் வாசலில் காவல் நின்றவர்கள் மூன்று பேர் முறையிட்டார்கள். பட்டப்பகலில் ஒருத்தி வந்து நிற்கிறாளாம். உடம்பெல்லாம் மண். அடையாளச் சொல் கேட்டால் சொல்வதில்லை. ஒரு பெயரை மட்டும் சொல்கிறாளாம், அவர்களுக்குப் புரியவில்லை. என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அறிக்கையில் "வதந்தி" என்று எழுதிவிட்டேன்.

அன்றாடச் சகுனம் பார்க்கும் கோழிகளுக்கு இரை போட்டார்கள். கூண்டைத் திறந்ததும் பாய்ந்து கொத்தின. இவ்வளவு நல்ல சகுனம் பார்த்ததே இல்லை என்று பூசகர் மணலில் எழுதிக் காட்டினார். தெய்வம் வந்துவிட்டதாம்.

வந்தது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஐடீஸுக்கு முந்தின நாள்

இரண்டாம் பாகத்தையும் நான்தான் படித்தேன். ஒரே மூச்சில், பிசகாமல், தளபதி திருப்பிச் சொன்னார்.

மதியம் கிழக்கு வாசலின் வலது தூண் தானாகச் சரிந்தது. யாரும் தொடவில்லை. மூன்று மரம் உடைந்தும் அசையாத தூண் அது. மேலே ஊரில் பெண்கள் அழுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. தளபதி என் முதுகில் தட்டினார், "உனக்குப் பெரிய பரிசு இருக்கு" என்றார்.

நான் பொய்தானே சொன்னேன்? பொய்ப் பெயர்தானே அது? பிறகு ஏன் வாசல் விழுகிறது?

பொழுது சாயும்போது கூடாரத்துக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள், கடைசியை இழுத்து. காதைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.

ஐடீஸ்

உர்தோபா விழுந்தது.

நவம்பர் முதல் நாளுக்குப் பதினேழு நாள் முன்பு

ஐடீஸுக்கு மறுநாள் கரிநாள். ரோமர்கள் அன்று எந்தப் பொதுக் காரியமும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் பிடிபட்ட முந்நூற்றுச் சொச்சம் பேரும் இன்று ஒருநாள் உயிரோடு பட்டியில் இருக்கிறார்கள். நாளை விடிந்தால் பாதாளத் தேவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

பெயர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி உள்ளே போனேன். புருவத் தழும்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் முகத்தை அப்படியே எடுத்து வைத்திருந்தாள்.

அவள் மொழியில் பேச முதலில் எனக்கு நாக்கு புரளவில்லை. "எபுரா" என்று மட்டும் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தாள். என் குரலைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"நீதானா? அன்னைக்குக் கூப்பிட்டது நீதானா?"

"நான் ரெத்து. உன் அண்ணன்."

"தெரியுது. ஏன் கூப்பிட்ட?"

"உன்னைக் காப்பாத்தத்தான். நம்ம சாமி பேரை நான் சொல்லல, எபுரா. செத்துப்போன அம்மா பேரைச் சொன்னேன். அது யாரையும் எதுவும் பண்ணாதுன்னு..."

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை என் எதிரிக்கும் காட்ட வேண்டாம்.

"அம்மா எப்படிச் செத்தான்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

சொன்னாள். என்னைப் பிடித்துப்போன அந்தப் போரில் கிழக்கு வாசல் இடிந்திருந்தது. கட்டக் கட்டச் சரிந்தது. மரத்தடிக் கல்லுக்கு எத்தனை பூசை போட்டும் நிற்கவில்லை. அடியில் உயிரோடு ஓர் ஆளை வைத்தால்தான் நிற்கும் என்று பெரியவர்கள் பேசினார்கள். யார் என்று ஊர் திகைத்து நின்றபோது அம்மா தானே முன்னால் வந்தாள்.

"என் பையன் திரும்பி வருவான், எப்படியும் வாசல்லதான் நிக்கப்போறேன், அங்கேயே வச்சுக் கட்டிருங்கன்னா. அவன் வர்ற வரைக்கும் வேற யாரையும் உள்ள விட மாட்டேன்னா. விடலையே! இருபத்துநாலு வருஷம், பொழுது சாயச் சாய, அவளுக்குக் கஞ்சி வச்சேன். காலையில சட்டி காலியா இருக்கும். நீ கூப்பிட்ட அன்னைக்குத்தான் வச்சது வச்சபடி இருந்துச்சு."

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, அம்மா.

"வேற யார் கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டா" என்றாள். "நீ கூப்பிட்ட. வந்துட்டா."

நவம்பர் முதல் நாளுக்குப் பதினாறு நாள் முன்பு

விடியும் முன்பே தளபதியின் காலில் விழுந்தேன். அழுதால் அவர் அசைய மாட்டார், சட்டம் பேசினால் அசைவார். ஆகவே சட்டம் பேசினேன். இங்கே நடந்த பூசை ரோமிலும் நடக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பூசை தெரிந்தவள் உயிரோடு இருப்பது ஒருத்திதான். அவளைக் கொன்றால் ஒப்பந்தம் முறியும், தெய்வம் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் வாசக ஏட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "ஒருத்தியை மட்டும்" என்றார்.

எபுரா வர மாட்டேன் என்றாள். பட்டியில் இருந்த ஒரு கிழவிதான் அவளைப் பிடித்துத் தள்ளினாள்.

"போடி. அம்பாதாவுக்கு யாரு கஞ்சி வைக்குறது?"

மற்றவர்களைப் பற்றி எழுத மாட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் நான்தான் எழுதினேன்.

நவம்பர் முதல் நாளுக்குப் பதினொரு நாள் முன்பு

கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம். தெய்வத்துக்கென்று ஒரு வண்டி, பட்டு விரித்து, காலியாக வருகிறது. அவள் அதில் வரவில்லை. என் பின்னால் வருகிறாள். நான் நின்றால் நிற்கிறாள். சேற்றில் என் தடத்துக்குப் பக்கத்தில் வெறுங்கால் தடம். சிப்பாய்கள் என்னோடு நடக்க மறுக்கிறார்கள்.

ஒவ்வொரு முகாமிலும் பொழுது சாயும்போது எபுரா வாசலில் கஞ்சி வைக்கிறாள். மறுநாள் அது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முகாமிலும் அந்தக் குரல், நேற்றைவிட ஓர் அடி பக்கத்தில். என்னைச் சுற்றித் தேடுகிறது. கண்ணெதிரே நான் நிற்கிறேன், ஆனால் நான்தான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. மழித்த முகம், ரோம உடை, பெலிக்ஸ் என்ற பெயர்.

பூசகருக்குத் தொண்டை திறந்துவிட்டது. அவரிடம் கேட்டேன், அழைத்த தெய்வத்தைத் திருப்பி அனுப்ப வாசகம் உண்டா என்று.

"எதுக்குய்யா?" என்றார் வியப்பாக. "கூப்பிடுறதுக்குத்தான் வாசகம். திருப்பி அனுப்புனதா நம்ம வரலாறே கிடையாது."

எபுரா என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. இன்று பேசினாள்.

"தினமும் கூப்பிடுறாளே, உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது."

"அப்ப பதில் சொல்லேன்டா. அவ கேட்டது அது ஒண்ணுதானே."

பதில் சொன்னால் நான் அந்த ஊர்க்காரன் ஆகிவிடுவேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் என் ஆட்கள் ஆகிவிடுவார்கள். இத்தனை நாள் காதைப் பொத்தியது பேய்க்குப் பயந்து அல்ல. இதற்குப் பயந்துதான்.

நவம்பர் முதல் நாள்

நேற்றுப் பொழுது சாயும் நேரம். முகாம் வாசலில் எபுரா சட்டியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். குரல் வந்தது, என் தோளுக்குப் பின்னால், கைநீட்டும் தூரத்தில். களிமண் வாடை மூச்சை அடைத்தது. திரும்பினால் என்ன பார்ப்பேனோ என்று பயந்தேன், ஆனாலும் திரும்பினேன்.

"வந்துட்டேம்மா" என்றேன். அந்த மொழியில், எட்டு வயதில் சொல்ல விடாத அதே சொல்.

எதிரே யாருமில்லை. ஈரமான, கனமான கை ஒன்று தலையில் பட்டது. கன்னத்தைத் தடவி, மோவாயைப் பிடித்து, இவன்தானா என்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. பிறகு விட்டது.

நான் சத்தமாக அழுதேன். காவலாளிகள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

விடிந்தபோது சேற்றில் என் தடம் மட்டும்தான் இருந்தது. கோழிகள் இரையைத் தொடவில்லை. பூசகர் கலவரமாக ஓடி வந்தார். மழைக்குக் கோழி அப்படித்தான் இருக்கும், தெய்வம் நலமாக வருகிறாள் என்று ஆட்சிமன்றத்துக்குக் கடிதம் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினேன். ரோமில் அவளுக்குக் கோயில் கட்டப்போகிறார்கள். கட்டட்டும். தெய்வம் இருக்கிறாள் என்று அவர்கள் நம்பும்வரை பூசைக்காரி உயிரோடு இருப்பாள்.

எபுரா இன்றும் கஞ்சி வைத்தாள், ஆட்டுப்பால் ஊற்றி, உப்புத் தூக்கலாக. படை பார்க்க முகாம் வாசலில் வைத்தாள். எல்லோரும் போன பிறகு எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

குடித்தேன். சட்டி காலியாக இருக்க வேண்டும் அல்லவா.